பேச்சில்லாத பூனையும் எலியும்: கார்ட்டூன் பாத்திரங்களுக்கு ஏன் வயதாவதில்லை?

மாட்டுங்கா தாத்தா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோடை விடுமுறை முடிந்து பேத்தி நவி மும்பையில் உள்ள கார்கருக்குத் திரும்பிய பிறகு வீடு அமைதியாகிவிட்டது. அந்த அமைதியில் சில நாட்களாக என்னைத் துளைத்துக்கொண்டிருக்கும் ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன்.

என் தாயாருக்கு 91 வயது. கும்பகோணத்துக்கு அருகிலிருந்து வந்து மும்பை மாட்டுங்காவில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தும், காய்கறி விலை கேட்கும் அளவுக்கு மட்டுமே அவர் இந்தி கற்றுக்கொண்டார். பேத்திக்கு ஆறு வயது. அவளுக்குத் தமிழ் புரியும். ஆனால் பதில் இந்தியிலோ ஆங்கிலத்திலோதான் வரும். இந்த இருவரும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே பாயில் உட்கார்ந்து, ஒரே இடத்தில் சிரித்துக்கொண்டு, ஒரு மணி நேரம் சேர்ந்து பார்த்தது டாம் அண்ட் ஜெர்ரியைத்தான். 'எலிப் பூனைப் படம்' என்பது அம்மா அதற்கு வைத்த பெயர். வேறு எதையும் அவர்களால் சேர்ந்து பார்க்க முடியவில்லை.

இதே கூடத்தில் 1995இல் கேபிள் வழியாகக் கார்ட்டூன் நெட்வொர்க் வந்தபோது, அப்போது ஏழு வயதாக இருந்த என் மகனோடு அம்மா இதே படங்களைப் பார்த்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்தப் பூனையும் எலியும் முதன்முதலில் திரைக்கு வந்தது 1940 பிப்ரவரியில். அப்போது பூனையின் பெயர் ஜாஸ்பர். டாம், ஜெர்ரி என்ற பெயர்கள் பிறகுதான் அமைந்தன. எம்.எஸ். சுப்புலட்சுமி நடித்த 'சகுந்தலை' வெளிவந்ததும் அதே 1940இல்தான். அந்தப் படத்தின் பாட்டுகளைக் கேட்டால் அம்மாவின் கண் கலங்கும். என் மகனாலோ பேத்தியாலோ அதன் முன் பத்து நிமிடம் உட்கார முடியாது. ஒரே ஆண்டில் பிறந்த இரண்டு படைப்புகளில் ஒன்று தன் தலைமுறையோடு நின்றுவிட, மற்றொன்று நான்கு தலைமுறைகளை ஒரே பாயில் உட்கார வைப்பது எப்படி?

பேச்சு இல்லாததே காரணம் என்று நினைக்கிறேன். சொல் இருந்தால் அது ஒரு மொழிக்கும் ஒரு காலத்துக்கும் உரியதாகிவிடுகிறது. அடி வாங்கியவன் முகத்துக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. இது போதுமான விளக்கமா, அல்லது நான் காணத் தவறியது ஏதேனும் உண்டா என்று துறை அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

கோரேகாவ் சித்திரக்காரன் எழுதியது:

ஐயா, பதினான்கு ஆண்டுகளாகக் கோரேகாவில் அனிமேஷன் வேலை செய்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் சொன்னது சரிதான். ஆனால் அது பாதி விளக்கம்தான்.

எங்கள் துறையில் புதிதாக ஒரு பாத்திரத்தை வடிவமைத்ததும் செய்யும் முதல் சோதனை, அந்த உருவம் முழுவதையும் கறுப்பால் நிரப்பிவிட்டு, வெறும் நிழலைப் பார்த்தே அது யார் என்று சொல்ல முடிகிறதா என்று பார்ப்பது. மிக்கி மவுஸை நிழலாக்கினால் மிஞ்சுவது மூன்று வட்டங்கள். அந்த மூன்று வட்டங்களை மணலில் விரலால் வரைந்தாலும் குழந்தை பெயர் சொல்லிவிடும். மிக்கி எந்தப் பக்கம் திரும்பினாலும் காதுகள் வட்டமாகவே இருக்கும். உண்மையான எலிக்கு அப்படி இருக்க வழியில்லை. உடற்கூற்றைக் கைவிட்டு அடையாளத்தைக் காப்பாற்றிக்கொண்ட முடிவு அது. 1928 நவம்பர் 18 அன்று நியூயார்க்கில் 'ஸ்டீம்போட் வில்லி' திரையிடப்பட்டபோது மிக்கிக்குக் கையுறை கிடையாது. கறுப்பு உடம்பின் மேல் கறுப்புக் கை வந்தால் அசைவு தெரியாது என்பதால் அடுத்த ஆண்டிலேயே வெள்ளைக் கையுறை வந்தது. நமக்கு அழகாகத் தெரியும் பல விஷயங்கள் இப்படித் தொழிலின் நெருக்கடியில் பிறந்தவைதான். யோகி கரடியின் கழுத்தில் டை இருப்பதும் அப்படியே. தொலைக்காட்சிக்காகக் குறைந்த செலவில் வரைய வேண்டியிருந்ததால் உடம்பை அசைக்காமல் தலையை மட்டும் மாற்றி வரைந்தார்கள். உடலும் தலையும் சேரும் கோட்டை அந்தக் கழுத்துப்பட்டை மறைத்துவிடும்.

பேச்சு இல்லை என்பதால் ஒலிக்கு வேலை இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. டாம் அண்ட் ஜெர்ரிக்கு இசையமைத்த ஸ்காட் பிராட்லி, பூனையின் ஒவ்வொரு காலடிக்கும் வாத்தியக் குழுவை நடக்க வைத்தார். அசைவோடு இசை ஒட்டிக்கொண்டே செல்வதற்கு இன்றும் எங்கள் துறையில் 'மிக்கி மவுஸிங்' என்றுதான் பெயர். நொடிக்கு 24 ஃப்ரேம் வீதம் ஏழு நிமிடப் படத்துக்கு 10,080 ஃப்ரேம் வேண்டும். ஒரு சித்திரத்தை இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்தினால்கூட ஒரு பாத்திரத்துக்கு மட்டும் 5,040 சித்திரங்கள் ஆகும். அத்தனை சித்திரங்களிலும் டாம் டாமாகவே இருக்க வேண்டும். அதே சமயம் சட்டியைப் போலவும் விசிறியைப் போலவும் நசுங்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. முதல் படத்தின் கதை உங்களுக்கு நினைவிருக்கலாம். இன்னும் ஒரு பொருளை உடைத்தால் வீட்டைவிட்டுத் துரத்திவிடுவேன் என்று வீட்டுக்காரி பூனையை எச்சரிக்கிறாள். அதைத் தெரிந்துகொண்ட எலி, உடைவதற்கென்றே கண்ணாடிக் கோப்பையைக் கையில் எடுத்துக்கொள்கிறது. வேலை போய்விடுமோ என்று அஞ்சி அஞ்சி நடக்கும் ஒருவனின் கதை அது. பூனையைக் கெட்டவனாக மட்டும் வரைந்திருந்தால் முதல் பத்துப் படங்களுக்குள் சலித்துப் போயிருக்கும். அதற்கு ஒரு பயமும் ஒரு பசியும் இருக்கின்றன. ரோடு ரன்னர் என்ற பறவையைத் துரத்தும் அந்தக் கொயோட்டி ஓநாய் 1949 முதல் தோற்றுக்கொண்டே இருந்தும் நாம் அதன் பக்கம்தான் நிற்கிறோம். விருப்பம் என்ன என்பதும், அது கிடைக்காதபோது ஒருவன் எப்படி நடந்துகொள்கிறான் என்பதும் தெளிவாக இருந்தால் பாத்திரம் பிழைத்துக்கொள்ளும் என்பது என் அனுபவம்.

முலுண்டு வாசகன் எழுதியது:

இருவரும் கலையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நான் உரிமை ஒப்பந்தங்களைக் கவனிக்கும் வேலையில் இருப்பவன். எனக்குத் தெரிந்த பக்கத்தை வெளிப்படையாகச் சொல்ல விரும்புகிறேன். எது நம் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறதோ அதைத்தான் நாம் நேசிக்கிறோம். நம் கண்ணில் எது பட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது உரிமையாளரின் கணக்கு.

ஐயாவின் கூடத்துக்கு டாம் அண்ட் ஜெர்ரி வந்த வழியையே பாருங்கள். வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பராவும் 1940 முதல் 1958 வரை வெளிவந்த 114 படங்களை எம்.ஜி.எம். என்ற ஹாலிவுட் பட நிறுவனத்துக்காக உருவாக்கினார்கள், அவற்றில் ஏழு ஆஸ்கர் விருது பெற்றன. அப்படியிருந்தும் 1957இல் நிறுவனம் அந்தக் கார்ட்டூன் பிரிவையே மூடிவிட்டது. பழைய படங்களை மறுவெளியீடு செய்தாலே புதியவற்றுக்கு ஈடாகக்கூடிய வருமானம் வருகிறபோது புதிதாக எதற்கு எடுக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் போட்ட கணக்கு. பாத்திரம் நீடித்து வாழும் என்பது தெரிந்ததால் அதைப் படைத்தவர்களின் வேலை போயிற்று என்பதை வாசகர்கள் நிதானமாக நினைத்துப் பார்க்க வேண்டும். பிறகு 1986இல் அமெரிக்கத் தொலைக்காட்சி அதிபர் டெட் டர்னர் எம்.ஜி.எம்.மின் பழைய படத் தொகுப்பை வாங்கினார். 1991இல், அந்த இருவரும் பிறகு தொடங்கிய ஹன்னா பார்பரா நிறுவனத்தையே வாங்கினார். கையில் சேர்ந்த அந்தக் களஞ்சியத்தை ஓட்டுவதற்காகவே 1992இல் அமெரிக்காவில் கார்ட்டூன் நெட்வொர்க்கைத் தொடங்கினார். அதுதான் 1995 மே மாதம் மாட்டுங்காவுக்கு வந்தது. யாரோ ஒருவர் கிடங்கை வாங்காமல் இருந்திருந்தால் உங்கள் தாயாரும் பேரனும் அந்தப் பூனையைப் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

மிக்கி பிறந்த கதையும் உரிமைக் கதையே. அதற்கு முன் வால்ட் டிஸ்னி 'ஆஸ்வால்டு' என்ற முயலை வைத்துப் படம் எடுத்து வந்தார். 1928இல் அதன் உரிமை தன்னிடம் இல்லை என்பதைக் கசப்போடு உணர்ந்து, தன் கையைவிட்டுப் போகாத ஒரு பாத்திரம் வேண்டும் என்று 'அப் ஐவர்க்ஸ்' என்ற ஓவியரோடு சேர்ந்து உருவாக்கியதே இந்த எலி. ஆஸ்வால்டு டிஸ்னி நிறுவனத்துக்குத் திரும்பி வந்தது 2006இல். அதுவும் ஒரு விளையாட்டு வர்ணனையாளரை வேறொரு தொலைக்காட்சி நிறுவனத்துக்கு விட்டுக்கொடுத்த ஒப்பந்தத்தின் ஒரு பகுதியாக. 1933இலேயே மிக்கி கைக்கடிகாரம் சந்தைக்கு வந்துவிட்டது. 1998இல் அமெரிக்கச் சட்டம் பதிப்புரிமைக் காலத்தை நீட்டியது. 95 ஆண்டுகள் முடிந்து 2024 ஜனவரி 1 அன்றுதான் 'ஸ்டீம்போட் வில்லி' அங்கே பொதுவுடைமையானது; அதுவும் அந்த முதல் மிக்கியின் தோற்றம் மட்டுமே.

ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நேரத்தில் கிராஃபோர்டு மார்க்கெட் பக்கம் போய்ப் பாருங்கள். பை, தண்ணீர் பாட்டில், மழைக்கோட்டு எல்லாவற்றிலும் இந்த முகங்களே இருக்கும். குழந்தைக்கு நிழலுருவமும் தெரியாது, பிராட்லியின் இசையும் தெரியாது. நாலு மாதம் மழையில் அந்த முகத்தைப் போர்த்திக்கொண்டு நடக்கிறது.

தாராவி ஆசிரியை எழுதியது:

தாராவியில் தமிழ்க் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் ஆசிரியை நான். என் வகுப்புக் குழந்தைகளில் பெரும்பாலோரின் குடும்பங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவை. பத்துக்குப் பத்து அடி அறையில் ஆறு பேர் வாழ்கிறார்கள். சுவரில் ஒரு தொலைக்காட்சி இருக்கும். அந்த அறைகளில் நான் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும்.

இரவு வேலை முடித்து வரும் தந்தை பகலில் அதே அறையில் தரையில் படுத்துத் தூங்குகிறார். ஒலியைக் கூட்டினால் அவருக்கு உறக்கம் கெடும் என்பதால், குழந்தைகள் ஒலியை முழுவதுமாக அடைத்துவிட்டுக் கார்ட்டூன் பார்க்கிறார்கள். ஒரு வீட்டில் பார்த்தபோது புதுமையாகத் தோன்றியது. நான்கைந்து வீடுகளில் அதையே கண்ட பிறகு, இது அங்கே வழக்கம் என்று புரிந்தது. வகுப்பில் விசாரித்தேன். ஒலியில்லாமல் எதைப் பார்ப்பீர்கள் என்று கேட்டதற்கு முதலில் வந்த பதில் டாம் அண்ட் ஜெர்ரி, அடுத்து ஆகி. பிங்க் பாந்தரைச் சிலரே அறிந்திருந்தார்கள். அறிந்தவர்கள் அதையும் சொன்னார்கள். மோட்டு பத்லுவும் டோரேமானும் ஒலியோடுதான் வேண்டும் என்றார்கள்.

ஆகியைப் பற்றி ஒரு செய்தி. பிரான்ஸில் 1998இல் தொடங்கிய அந்தத் தொடரில் நீலப் பூனையும் கரப்பான் பூச்சிகளும் மூலத்தில் பேசுவதில்லை. நம் நாட்டுக்கு வந்தபோது இந்தி நடிகர்களின் குரலைப் பாவனை செய்து அவற்றைப் பேச வைத்தார்கள். என் மாணவர்கள் ஒலியை அடைத்து, தெரியாமலேயே அதை மூல வடிவத்துக்குத் திருப்பிவிடுகிறார்கள்.

முலுண்டு நண்பரின் வாதத்தை நான் முழுவதுமாக ஏற்க முடியாதது இந்த இடத்தில்தான். ஒரு நாளில் எத்தனையோ தொடர்கள் அவர்களுக்குக் காட்டப்படுகின்றன. மழைக்கோட்டுகளிலும் பல முகங்கள் வந்து போகின்றன. தந்தையின் உறக்கத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எதைப் பார்ப்பது என்பதை எந்த நிறுவனமும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை; அதை அவர்களே தேர்ந்தெடுத்தார்கள்.

டோரேமானைப் பற்றியும் எழுத வேண்டும். ஏனெனில் என் வகுப்பில் மிக ஆழமாக வேரூன்றியிருப்பது அதுதான். ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ என்ற புனைபெயருடைய ஜப்பானிய ஓவியர் 1969இன் இறுதியில் பத்திரிகைக் கதையாகத் தொடங்கியது. 1979 முதல் தொலைக்காட்சித் தொடராக இன்றுவரை ஓடுகிறது. நோபிடா மதிப்பெண் குறைந்தவன், தாயிடம் திட்டு வாங்குபவன், தெருவில் வலியவனிடம் அடி வாங்குபவன். எதிர்காலத்திலிருந்து வந்த பூனை தன் வயிற்றுப் பையிலிருந்து ஒரு கருவியை எடுத்துத் தருகிறது. அது முதலில் உதவுகிறது, பிறகு அவன் பேராசையால் நிலைமை முன்பைவிட மோசமாகிறது. "டீச்சர், கருவி கிடைத்தாலும் அவனுக்குக் கணக்கு வராது" என்று ஒரு மாணவன் என்னிடம் சொன்னான். அந்தக் குரலில் கேலி இல்லை. தன்னைப் போன்ற ஒருவனைப் பற்றிப் பேசும் பரிவு இருந்தது.

செம்பூர் வாசகி எழுதியது:

நீடித்த புகழை அனைவரும் நல்ல செய்தியாகவே எடுத்துக்கொண்டு பேசுகிறோம். எனக்கு அதில் ஒரு தயக்கம் உண்டு.

சித்திரக்கார நண்பர் குறிப்பிட்ட 'வீட்டுக்காரி' உண்மையில் யார்? முகம் காட்டப்படாமல், காலும் பாவாடையும் மட்டும் தெரியும்படி வரையப்பட்ட அந்தக் கறுப்பினப் பெண், அக்கால அமெரிக்கத் திரைப்படங்கள் பணிப்பெண்களைக் காட்டிய இழிவான வார்ப்பிலிருந்து வந்தவள். 1950களின் தொடக்கத்தில் அவள் படங்களிலிருந்து மறைந்தாள். தொலைக்காட்சிக்குப் போனபோது சிலவற்றில் அவளுடைய குரலை மாற்றினார்கள். சிலவற்றில் வெள்ளைக்காரப் பெண்ணாக மாற்றி வரைந்தார்கள். வெடித்து முகம் கறுக்கும் காட்சிகள் பல ஒளிபரப்புகளில் வெட்டப்பட்டன. எண்பது ஆண்டு வாழ்ந்த ஒரு படைப்பு, இப்படிப் பல இடங்களில் தைத்தும் கிழித்தும் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. என் மகளோடு பார்க்கும்போது அந்தக் காட்சி வந்தால் நான் நிறுத்தி விளக்குகிறேன். குழந்தைக்கு எட்டு வயது. நிறத்தை வைத்து நம் வீடுகளிலேயே பேசப்படும் பேச்சுகளைக் கேட்டு வளர்பவள் என்பதால் அவளுக்கு அது எளிதில் புரிந்தது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பேச்சில்லாமை ஒரு வரம் என்று தாத்தா எழுதியிருக்கிறார். எங்கள் வீட்டில் பேச்சுதான் வரமாக வந்தது. 2007இல் சுட்டி டிவி தொடங்கிய பிறகு, டிஷ் ஆண்டெனாவில் தமிழ்த் தொகுப்புக்குத் தனியாகப் பணம் கட்டினோம். அப்போது என் மூத்த மகனுக்கு நான்கு வயது. டோரா தமிழில் கேள்வி கேட்டுவிட்டு, பதிலுக்காகத் திரையிலிருந்து அவனையே பார்த்துக்கொண்டு காத்திருப்பாள். எங்களுக்குத் தமிழில் பதில் சொல்லாத பிள்ளை அவளுக்குச் சொன்னான். ஜாக்கி சான் தொடரின் தமிழ் வசனங்களை இன்றும், இருபது வயது கடந்த பிறகும், அவன் தம்பி தங்கைகளோடு பேசிச் சிரிக்கிறான். மும்பையில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய செல்வம் என்பதை இங்கே இருப்பவர்கள் அறிவார்கள்.

கோரேகாவ் சித்திரக்காரன் எழுதியது:

செம்பூர் வாசகிக்கு நன்றி. 'வீட்டுக்காரி' என்று நான் எழுதியது பொருத்தமற்ற சொல். அந்த வரலாற்றைச் சொல்லியிருக்க வேண்டும்.

முலுண்டு நண்பருக்கு ஒரு எடுத்துக்காட்டு. மிக்கிக்கு முன் உலகம் கொண்டாடிய பூனை ஒன்று இருந்தது: 1919இல் வந்த ஃபீலிக்ஸ். உரிமையாளர் உறுதியாக இருந்தார், பொம்மை விற்பனையும் இருந்தது. ஆனால் பேசும் படம் வந்தபோது அதற்கேற்ப மாற மனமில்லாமல் தாமதித்தார்கள். சில ஆண்டுகளில் அதன் காலம் முடிந்தது. பிறகு மீட்டெடுத்தார்கள், என்றாலும் அந்தப் பழைய இடம் திரும்பக் கிடைக்கவில்லை. ஆகவே உடைமை மட்டும் போதாது. உடைமையாளர் ஆள் வைத்துப் பேண வேண்டும். 1979இல் ஸ்டீவன் ஜே கோல்டு என்ற உயிரியல் அறிஞர் மிக்கியின் படங்களை அளந்து பார்த்து ஒரு கட்டுரை எழுதினார். ஐம்பது ஆண்டுகளில் அந்த எலிக்குத் தலை பெருத்துக்கொண்டும் கண் பெரிதாகிக்கொண்டும் வந்திருக்கிறது. அதாவது வயது கூடக்கூட அது குழந்தையாகிக்கொண்டே வந்திருக்கிறது என்று காட்டினார். அதைத் திட்டமிட்டு ஒருவர் செய்யவில்லை. கைமாறிக் கைமாறி வரைந்தவர்கள், பார்ப்பவர் மனம் எங்கே இளகுகிறதோ அந்தப் பக்கம் கோட்டை நகர்த்தினார்கள்.

குரலும் அப்படியே கைமாறுகிறது. மிக்கிக்குத் தொடக்கத்தில் டிஸ்னியே குரல் கொடுத்தார். 1977 முதல் 2009இல் இறக்கும் வரை கொடுத்தவர் வெய்ன் ஆல்வைன். மின்னிக்குக் குரல் கொடுத்த ரஸ்ஸி டெய்லரை அவர் மணந்துகொண்டார். டொனால்டு வாத்துக்கு 1934 முதல் குரல் கொடுத்த கிளாரன்ஸ் நாஷ், தன் கடைசிக் காலத்தில் டோனி அன்செல்மோ என்ற இளம் ஓவியருக்கு அந்தக் குரலைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். நம் ஊரில் குரு வழியாக ஒரு பாடாந்தரம் வருவது போலத்தான் அது.

நம் நாட்டைப் பற்றி எனக்கிருக்கும் ஆற்றாமையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இதே மும்பையில், அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில், 1956 வாக்கில் டிஸ்னியின் பழைய ஓவியர் கிளேர் வீக்ஸ் வந்து நம்மவர்களுக்குப் பயிற்சி அளித்தார். 1957இல் ஜாதகக் கதையிலிருந்து ஒரு மான் படம் வந்தது. அனிமேஷன் கலைஞர் ராம் மோகன் அங்கிருந்து வளர்ந்தார். 1974இல் வந்த 'ஏக் அனேக் அவுர் ஏக்தா' என்ற ஒற்றுமைப் படத்தைத் தூர்தர்ஷன் தலைமுறை இன்றும் மனப்பாடமாகச் சொல்லும். திறமைக்குக் குறை இருக்கவில்லை. ஆனால் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஒரு படம், ஒற்றுமைக்கு ஒரு படம் என்று செய்தி சொல்வதற்காகவே எடுக்கப்பட்டதால், ஒரு பாத்திரம் அடுத்த வாரமும் வர வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் ஏற்படவில்லை. அந்தக் கட்டாயம் இருந்த இடத்தில் மட்டும் நம் பாத்திரமும் நிலைத்திருக்கிறது. 1966 முதல் இந்த நகரத்தின் விளம்பரப் பலகைகளில் அமுல் சிறுமி வந்துகொண்டே இருக்கிறாள். நாட்டில் எது நடந்தாலும் அவளுக்குப் புதுச் சித்திரம் வரைந்தாக வேண்டும். 2008இல் ஹைதராபாத்தில் பிறந்த சோட்டா பீமும், பழைய 'லோட்போட்' இதழிலிருந்து எடுக்கப்பட்டு 2012இல் மும்பையிலேயே அனிமேஷனாக உருவான மோட்டு பத்லுவும் அப்படி நிலைத்தவை. அவற்றின் தரத்தில் எனக்குக் குறை உண்டு. முகத்தில் நான்கு பாவங்களை மட்டும் வைத்துக்கொண்டு வசனத்தால் ஓட்டுகிறோம். கொடுக்கப்படும் நாட்களுக்குள் அதற்கு மேல் செய்ய முடிவதில்லை. தாராவிப் பிள்ளைகள் ஒலியை அடைத்தால் எங்கள் வேலை ஏன் தாக்குப்பிடிப்பதில்லை என்பதற்கு இதுவே பதில். ஆசிரியையின் பதிவைப் படித்த அன்று இரவு எனக்கு வெகுநேரம் உறக்கம் வரவில்லை.

முலுண்டு வாசகன் எழுதியது:

ஃபீலிக்ஸைப் பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பதைத்தான் நேசிக்கிறோம் என்று நான் எழுதியது அளவு மீறிய கூற்று. ஆனால் ஒன்றைக் கேட்கிறேன்: நம் பாத்திரங்களில் தமிழ் மூலமுள்ளது எது? எனக்குத் தெரிந்து ஒன்று சுப்பாண்டி என்ற அசட்டுப் பாத்திரம். திருச்சியிலிருந்து ஒரு வாசகர் அனுப்பிய நாட்டுப்புறக் கதைகளைக் கொண்டு, மும்பையிலிருந்து வெளிவரும் 'டிங்கிள்' என்ற ஆங்கிலச் சிறுவர் இதழ் 1983இல் அவனை உருவாக்கியது; வரைந்தவர் ராம் வாயீர்கர். நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. நாடு முழுவதும் ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகளுக்கு அவனைத் தெரியும். தமிழ் படிக்கும் பிள்ளைகளுக்குத் தெரியுமா?

தாராவி ஆசிரியை எழுதியது:

முலுண்டு நண்பரின் கேள்வியை வகுப்புக்கே கொண்டுபோனேன். அன்று முப்பத்திரண்டு பேர் வந்திருந்தார்கள்.

முதலில் டோரேமானைப் பார்க்காமல் நினைவிலிருந்து வரையச் சொன்னேன். முப்பத்திரண்டு தாள்களும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன: வட்டத் தலை, மணி, வயிற்றில் பை. வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்கவே சிரமப்படும் ஒரு சிறுமி, மீசைக் கோடுகள் பக்கத்துக்கு மூன்று என்று பக்கத்துப் பையனின் சித்திரத்தைத் திருத்தினாள். பிறகு சுப்பாண்டியின் கதைகள் இரண்டைத் தமிழில் சொன்னேன்; நன்றாகச் சிரித்தார்கள். இப்போது அவனை வரையுங்கள் என்றேன். ஒருவன் தொப்பை வைத்தான். ஒருத்தி கண்ணாடி போட்டாள். ஒருவன் தன் சித்தப்பாவையே வரைந்துவிட்டதாகச் சொன்னான். அந்தக் கூம்புத் தலையை ஒருவரும் வரையவில்லை, ஏனெனில் ஒருவரும் அதைப் பார்த்ததில்லை. கதை அவர்களிடம் உடனே சேர்ந்துவிட்டது. உருவம் இன்னும் வந்து சேரவில்லை. அந்தத் தாள்கள் அனைத்தையும் கட்டி வைத்திருக்கிறேன். கோரேகாவ் தம்பிக்கு நேரம் இருந்தால் ஒரு சனிக்கிழமை வந்து பார்க்கட்டும். நிழலுருவச் சோதனையையும் பிள்ளைகளுக்குச் செய்து காட்டலாம்.

கோரேகாவ் சித்திரக்காரன் எழுதியது:

கட்டாயம் வருகிறேன் டீச்சர். வரும் சனிக்கிழமையே வருகிறேன். கறுப்பு மையும் தடித்த தூரிகைகளும் நான் கொண்டுவருவேன். பிள்ளைகளுக்குத் தாள் மட்டும் இருந்தால் போதும்.

மாட்டுங்கா தாத்தா எழுதியது:

நான் கேட்டதைவிடப் பல மடங்கு தந்திருக்கிறீர்கள். ஆசிரியை அம்மா எழுதிய ஒலியடைத்த வீடுகளைப் படித்த பிறகு எங்கள் வீட்டிலும் ஒன்று செய்து பார்த்தேன். அதைச் சொல்லி முடிக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பேத்தி வந்திருந்தாள். டாம் பியானோ வாசிக்கும் அந்தப் பழைய படத்தைப் போட்டேன். 1947இல் வெளிவந்து ஆஸ்கர் பெற்ற படம். லிஸ்ட் என்பவர் இயற்றிய ஹங்கேரிய இசையைப் பூனை மேடையில் வாசிக்கும்; பியானோவுக்குள் உறங்கும் எலி எழுந்து தொல்லை கொடுக்கும். தொடங்கிய சிறிது நேரத்தில் யாரிடமும் சொல்லாமல் ஒலியை அடைத்தேன். பேத்தி உடனே திரும்பி என்னைப் பார்த்தாள். அம்மா திரும்பவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மாவுக்குக் காது மந்தமாகி எட்டு ஆண்டுகள் ஆகின்றன. கருவியை மதியத்தில் கழற்றி டப்பாவில் வைத்துவிடுவார். இந்தக் கோடை முழுவதும் அவர் பார்த்தது ஒலியே இல்லாத படத்தைத்தான். பேத்திக்கு அது முன்பே தெரிந்திருக்கிறது. சத்தமாகச் சிரித்தால் பெரிய பாட்டிக்குக் கேட்காது என்பதால், சிரிப்பு வரும் இடத்தில் அவர் கையை அழுத்துவேன் என்று என்னிடம் சொன்னாள்.

ஒலியைத் திரும்ப வைக்காமல் நானும் பாயில் உட்கார்ந்து பார்த்தேன். அம்மா சிறு வயதில் ஆறு ஆண்டுகள் வீணை கற்றவர். திரையில் பூனையின் விரல்கள் விசைப்பலகையில் ஓடத் தொடங்கியபோது, அவருடைய வலது கை தொடையில் மெல்லத் தாளம் போட ஆரம்பித்தது. சிறிது நேரம் கழித்து, பேத்தியின் பக்கம் சாய்ந்து, "இப்போ மூணாங்காலத்துக்குப் போயிட்டான் பாரு" என்றார். நான் ஒலியைக் கூட்டினேன். பியானோ உண்மையிலேயே விரைந்துகொண்டிருந்தது. அம்மாவின் விரல் அதோடு சேர்ந்துதான் போய்க்கொண்டிருந்தது.